தேங்காய்ப்பால் விட்ட நாள்

ரொறன்ரோவுக்கு நான் போனது ஒரு தேதியைத் தேடி. நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்க்கவில்லை. அதை எதிர்பார்த்து வாசிக்கத் தொடங்கியவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பார்த்ததெல்லாம் பேருந்துத் தரிப்பிடங்கள், ஒரு சமையலறை, சேறு நிறைந்த ஒரு மைதானம்.

கண்டியில் பிறந்தவனுக்கு ரக்பி மழையைப் போல. கேட்காமலே வரும். என் கண்ணாடியின் தடிப்புக்கு என்னை யாரும் மைதானத்துக்குள் விடவில்லை. ஆகவே ஓரத்தில் நின்று ஒரு புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். இலங்கை அணிக்காக ஆடியவர்கள் ஒவ்வொருவருக்கும் பிறந்த நாள், முதல் ஆட்டம், கடைசி ஆட்டம், இறந்த நாள். நில அளவைத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவன் நான். எல்லைக் கல் இல்லாத காணியைக் கண்டால் எனக்குத் தூக்கம் வராது.

மரியதாஸுக்கு ஒரு பக்கத்துக் கல் இல்லை. மன்னாரில் பிறந்து, கண்டியில் பாதிரியார் ஒருவரின் உதவியோடு படித்து, ஓரத்தில் ஓடும் விங் ஆட்டக்காரனாக நாட்டின் சட்டையை அணிந்து வெளிநாடுவரை போனவர். பந்தை அணைத்துக்கொண்டு நெஞ்சை முன்தள்ளி, தலையை உயர்த்தியபடி ஓடுவார். பயிற்றுநர்கள் கத்துவார்கள். எங்கள் ஊர் ரசிகர்கள் சிங்களத்தில் அவருக்கு வைத்த பெயர் 'கொடிமரம்'. எண்பத்து மூன்று யூலைக் கலவரத்துக்குப் பிறகு மன்னாருக்குத் திரும்பியவர் மறுபடி ஆடவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில், வன்னியின் கடைசிச் சண்டையில் இறந்தார். மாதமும் நாளும் எனக்குக் கிடைக்கவில்லை.

கொழும்பில் பழைய ஆட்டக்காரர்களின் சங்கம் ஒன்று, போரில் இறந்த தேசிய வீரர்களுக்கு நினைவுக்கல் வைக்கத் தீர்மானித்தது. பெயர்ப் பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் அரச படையில் இருந்தவர்கள். மரியதாஸின் பெயரையும் சேர்க்கச் சொல்லி நான்தான் மாதக்கணக்காக எழுதினேன். கடைசியில் செயலாளர் சம்மதித்தார். இரண்டு நிபந்தனைகள்: குடும்பத்தின் ஒப்புதல், இறந்த தேதி. திங்கட்கிழமை கல் வெட்டுபவர் வேலையைத் தொடங்குகிறார். மரியதாஸின் மனைவி யோகராணி ரொறன்ரோவில் இருப்பது தெரிந்தது. தொலைபேசியில் கேட்டேன். "நேர வந்தாக் கதைப்பம்" என்றார்.

வியாழக்கிழமை பிற்பகல் என்னை விமான நிலையத்தில் ஏற்றியவன் சிவநேசன், என் மனைவியின் தம்பி. பெரிய லொறி ஓட்டுகிறான். டோர்செட் பார்க்கில் அவன் இருக்கும் மாடிக் கட்டடத்தின் வாசலில் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்தான்.

"அத்தான், லிஃப்ற் வேலை செய்யேல்லை. படியாலைதான் ஏறோணும். அக்கா உதுக்குள்ளை என்ன, அம்மிக்கல்லை வைச்சு அனுப்பினவவோ?"

"மிளகாய்த்தூள்" என்றேன்.

"இஞ்சை மூலைக்கு மூலை மிளகாய்த்தூள் விக்கினம். அக்காவுக்கு ஆர் சொல்றது."

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பக் கொத்தும் ஆட்டிறைச்சி ரோல்ஸும் வாங்கி வந்தான். ரோல்ஸ் எங்கள் ஊரில் பெருவிரல் தடிப்பு என்றால் இங்கே மணிக்கட்டுத் தடிப்பு. ஒன்றோடு எனக்கு வயிறு நிறைந்தது. தூக்கம்தான் வரவில்லை. இது பகல், எழுந்து நட என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது. விடிவதற்கு முன்பே குளித்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளி காலை பத்து மணிக்கு வருவதாக யோகராணியிடம் சொல்லியிருந்தேன். சிவநேசன் வேலைக்குப் போகும் அவசரத்தில் பேருந்தின் விபரத்தைச் சொல்லி, ஒரு பயண அட்டையையும் கையில் தந்தான். தரிப்பிடத்தில் நின்றேன், பேருந்து வந்தது, அட்டையைத் தொட்டேன், அது கீச்சென்றது. எல்லாம் சரி. காலை வெயில் என் முதுகில் விழுந்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். யோகராணி இருக்கும் மல்வேர்ன் வடகிழக்கில் இருக்கிறது. நில அளவைக்காரனான நான் சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே போவதாக நம்பி உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் இரவு வேலை முடித்துச் சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண். நான் கண்ணாடிக்கு வெளியே ஒவ்வொரு பெயர்ப்பலகையாக எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"அண்ணை, எங்கை இறங்கப் போறியள்?"

"மல்வேர்ன்."

"மல்வேர்னோ? மல்வேர்ன் உங்களுக்குப் பின்னாலை போய்க்கொண்டிருக்கு." சிரித்தார். "ஊரிலை இருந்து எப்ப வந்தனியள்?"

"நேற்று."

"அப்பச் சரி. நானும் வந்த புதுசிலை இதே பிழைதான் விட்டனான். எங்கடை ஊரிலை இடப்பக்கம் நிண்டு பழகின ஆக்கள். இஞ்சை எல்லாம் வலப்பக்கம். இறங்கி, வீதியைக் கடந்து, எதிர்ப்பக்கம் நில்லுங்கோ."

இறங்கினேன். கடப்பதற்கு முதலில் வலப்பக்கம் பார்த்தேன். இடப்பக்கமிருந்து வந்த கார் ஒன்று நீளமாக ஹோர்ன் அடித்தது. ரொறன்ரோவில் ஹோர்ன் சத்தமே கேட்காது என்று சிவநேசன் முந்திய இரவுதான் பெருமைப்பட்டிருந்தான்.

யோகராணியின் வீட்டுக் கதவைத் தட்டியபோது மதியம் தாண்டிவிட்டது. வரிசையாக ஒட்டியிருந்த மண்ணிற வீடுகளில் ஒன்று. அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முதியோர் இல்லமொன்றில் வேலை. சீருடை போட்டு, புறப்படத் தயாராக நின்றார். மட்டக்களப்பில் பிறந்தவர். மன்னாரில் வாழ்க்கைப்பட்டாலும் பேச்சு இன்னும் மட்டக்களப்புத்தான்.

"வாங்க அண்ணன். வழி மாறிட்டீங்களாக்கும். முதல்ல சாப்பிடுங்க. செத்தவங்கட கதைய வெறும் வயித்தோட கதைக்கக்கூடா."

சோறு, சூரை மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. சுவரில் திருஇருதய ஆண்டவரும் பிள்ளையாரும் ஒரே தட்டில் இருந்தார்கள், நடுவில் ஒரே விளக்கு. கீழே அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த மரியதாஸ், கன்னம் ஒட்டி, முன்மண்டை வழுக்கையோடு.

நான் கொண்டுபோன அணிப் படத்தின் பிரதியை எடுத்து வைத்தேன். பின் வரிசையில், வலது ஓரத்தில், மற்றவர்களைவிட அரைத் தலை உயரமாக நிற்பவர். யோகராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அட கடவுளே. இந்த மனிசனுக்கு இவ்வளவு தலைமயிர் இருந்ததா!"

"நீங்கள் அவர் ஆடிப் பார்க்கவில்லையா, தங்கச்சி?"

"எங்க பாக்கிற? நான் கட்டேக்க நாப்பது வயசு மனிசன். பந்து விளையாடின எண்டு சொல்லுவார். நான் காற்பந்தாக்கும் எண்டு நினைச்சிட்டிருந்தன்."

சாப்பாட்டுத் தட்டு எடுக்கப்பட்டதும் தேதியைக் கேட்டேன். எனக்குப் பொறுமை இல்லை. சுவர் மணிக்கூட்டில் அவருடைய வேலை நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"மே பதினெட்டு எண்டு எழுதுங்க" என்றார்.

"அன்றுதானா?"

"அண்டைக்கில்ல. அதுக்கு முதல். ஆனா சண்டை முடிஞ்ச அண்டைக்குத்தானே எல்லாரும் விளக்கு வைக்கிறம். நாள் தெரியாத ஆக்களுக்கெல்லாம் அதுதான் நாள்."

"எவ்வளவு முதல்? பங்குனியா, சித்திரையா?"

"எனக்குத் தெரியா அண்ணன்."

"சித்திரைப் புத்தாண்டு வந்துவிட்டதா?"

"நாங்க இருந்த இடத்துக்கு அது வரல்ல."

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. பெரிய வெள்ளி, பௌர்ணமி, மழை, ஏதாவது ஓர் அடையாளம் போதும், அதிலிருந்து நான் தேதியைப் பிடித்துவிடுவேன் என்றேன். அவர் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"அண்டைக்குக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் விட்டவங்க. முல்லைத்தீவுப் பக்கம், மாத்தளன் கரையில இருந்த நாங்க. கன நாளா வெறும் அரிசித் தண்ணிதான். அங்கால பால் விட்டுக் காச்சிறாங்க எண்டு ஆரோ சொல்லிட்டுப் போனாங்க. புள்ளைக்கு அப்ப எட்டு வயசு. ஒரு வாய் பால்கஞ்சி குடிக்கட்டும் எண்டு இவர் வாளியத் தூக்கிட்டுப் போனவர். வரிசைக்குப் பக்கத்தில ஷெல் விழுந்த. பக்கத்துக் கொட்டில் மனிசி வாளியக் கொண்டுவந்து தந்தா. அடியில கொஞ்சம் கிடந்த. புள்ளைக்குக் குடுத்தன். அதில பால் இருந்த. இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச நாள்."

என் பேனை மூடியே இருந்தது. அதை அப்படியே சட்டைப்பையில் போட்டேன்.

பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம் என்று கல்லைப் பற்றித் திரும்பவும் சொன்னேன். பெயர்களுக்கு மேலே வரும் வாசகத்தையும் மொழிபெயர்த்துச் சொன்னேன்: தாய்நாட்டுக்காகத் தம் உயிரை ஈந்த எமது வீரர்கள்.

"ஈந்த எண்டா?"

"கொடுத்த."

"அவர் குடுக்கல்லையே அண்ணன். கஞ்சி எடுக்கப் போனவர்."

வாசல் கதவு திறந்தது. மகள் ஜெனனி. இயன்மருத்துவ நிலையமொன்றில் வேலை. தோள் அகன்ற, உயரமான பெண். தோளில் தொங்கிய பையில் சேறு காய்ந்திருந்தது. அவளும் ரக்பி ஆடுகிறாள் என்று யோகராணி தொலைபேசியில் சொன்னபோதே என் பயணத்துக்குப் பாதிக் காரணம் அதுவாகிவிட்டது.

"ஹாய் அங்கிள். அம்மா ஓம் எண்டு சொல்லீட்டாவா?"

"இல்ல" என்றார் தாய்.

"அம்மா, ப்ளீஸ். அப்பா நாட்டுக்கு விளையாடினவர் எண்டு ஒரு இடத்திலையாவது எழுதியிருக்கட்டும். என்ர டீமிலை சொன்னா ஒருத்தரும் நம்பினமில்லை. கூகிள் பண்ணினா ஒண்டும் வராது. லைக், நத்திங்."

"மேல எழுதியிருக்கிறத நீ வாசிப்பியா?"

"ஆர் அம்மா மேலை வாசிக்கிறது? எல்லாரும் பேரைத்தான் பாப்பினம்."

"நான் வாசிப்பன்" என்று சொல்லி யோகராணி கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். வாசலில் திரும்பி, "அண்ணனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடு புள்ள" என்றார்.

தேநீர் வந்தது. வாசகத்தை அவளுக்கும் சொன்னேன். ஜெனனி என்னைக் கெஞ்சவில்லை. "நாளைக்கு எங்களுக்கு மட்ச் இருக்கு. வாங்கோ அங்கிள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவ ஒருநாளும் வந்ததில்லை" என்றாள்.

பேருந்தில் என்னை நம்பாத சிவநேசன் மாலை காரோடு வந்தான். வீட்டுக்குப் போனதும் செயலாளரை அழைத்தேன். கொழும்பில் சனி அதிகாலை. நல்ல மனிதர். தேநீரோடுதான் பேசினார். வாசகத்தை மாற்ற முடியுமா என்று கேட்டேன். போரில் இறந்தவர்கள் என்று மட்டும் போட்டால் போதும் என்றேன்.

"அது ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. பெயர்களுக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்" என்றார் ஆங்கிலத்தில். "தேதி சரியாகத் தெரியாவிட்டால் பொருத்தமாக ஒன்றைப் போடுங்கள். யார் சரிபார்க்கப் போகிறார்கள்?"

யார் சரிபார்க்கப் போகிறார்கள்! வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அன்று இரவு சிவநேசனின் மாடி நடையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்துகொண்டே இருந்தேன். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒவ்வொரு வீட்டுச் சமையல் வாசம். வாசகத்தை விட்டுப் பெயரைக் காப்பாற்றுவதா? பெயரை விட்டால் அவர் ஆடியதே இல்லை என்றாகாதா? கோடி வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "அங்கிள், டிரெட்மில் வாங்கினா விலை மலிவு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை குளிர் காதைக் கடித்தது. ஒக்டோபர்தான், இது குளிரே இல்லை என்று சிவநேசன் சொல்லிக்கொண்டே தனக்குத் தொப்பி போட்டுக்கொண்டான். யோகராணி வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வீட்டு வாசலில் சுடுதண்ணிப் போத்தலும் பையுமாக நின்றார். "விருந்தாளி போறாராம், நான் வீட்டில படுத்திருந்தா நல்லாவா இருக்கும்?"

மைதானம் ஒரு பூங்காவின் ஓரத்தில். கண்டியில் ஒரு சாதாரணப் பாடசாலை ஆட்டத்துக்கே கொடியும் பறையும் வீதி நெரிசலுமாக இருக்கும். இங்கே பார்வையாளர்களில் பாதி நாய்கள். இரண்டு பக்கமும் பெண்கள் தோளோடு தோள் கொடுத்துக் குனிந்து முட்டித் தள்ள, சிவநேசன் வாயைப் பிளந்தான்.

"அத்தான், உது விளையாட்டோ சண்டையோ?"

"இரண்டும்தான். ஆனால் சட்டம் இருக்கிறது."

"அப்ப எங்கடை ஆக்களின்ரை கலியாண வீட்டைவிடப் பரவாயில்லை."

யோகராணி பார்க்கவேயில்லை. மகள் யாருடனாவது மோதும்போது கண்ணை மூடி, விசில் கேட்டதும் திறந்தார். "முடிஞ்சுதா? எழும்பிட்டாளா?" என்று என்னிடம் கேட்பார். எழும்பிவிட்டாள் என்று நான் அறிவிப்பேன்.

இரண்டாம் பாதியில் பந்து ஜெனனியிடம் வந்தது. நான் அப்படி ஓர் ஓட்டத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. முழங்காலை மடித்து, முதுகைத் தரைக்குச் சமமாக வைத்து, புல்லை உரசுவதுபோல ஓடினாள். பிடிக்க வந்தவர்களின் கைகள் அவளுக்கு மேலே காற்றை அணைத்தன. கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைத்து விழுந்தபோது கூட விளையாடியவர்கள் "நண்டு! நண்டு!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்கள். அணியில் அவளுக்கு அதுதான் பெயராம்.

ஆட்டத்தில் தோற்றுப் போனார்கள். ஜெனனி சேறும் சிரிப்புமாக நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்குக்கு வந்தாள். உதடு வெடித்திருந்தது. தாய் தேநீரை ஊற்றிக் கொடுத்தார்.

"பாத்தீங்களா அங்கிள்? அப்பா இப்பிடித்தானே ஓடுறவர்?"

நான் வாயைத் திறக்குமுன் அவள் தொடர்ந்தாள். "அவர்தான் பழக்கினவர். அங்கை, பங்கருக்குப் பங்கர் ஓடேக்கை. பால்மா ரின் ஒண்டைக் கையிலை தந்திட்டு, இதுதான் பந்து, ரக்பியிலை இப்பிடித்தான், குனிஞ்சு போ, இன்னும் குனி, எண்டு சொல்லுவார். நான் கேம் எண்டு நினைச்சுத்தான் ஓடினனான். இஞ்சை ஹைஸ்கூலிலை ரக்பி இருக்கெண்டு கேட்டதும் எனக்கு இது ஏலும் எண்டு போய்ச் சேர்ந்தனான்."

பிறர் ஒரு நாள் பிசகிச் சொன்னாலும் திருத்துகிறவன் நான். அன்று ஆம் என்று தலையை ஆட்டினால் முடிந்தது. ஆனால் அவள் முகஸ்துதி கேட்கவில்லை, தகப்பனைக் கேட்டாள்.

"இல்லை பிள்ளை" என்றேன். "அவர் நிமிர்ந்து ஓடுவார். தலை மேலே இருக்கும். குனி குனி என்று பயிற்றுநர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். கேட்கமாட்டார். எங்கள் ஊரில் கொடிமரம் என்றுதான் கூப்பிடுவோம். அப்படி ஓடி எத்தனையோ தடவை பிடிபட்டிருக்கிறார். பிடிபடாதபோது பார்க்க வேண்டும்."

ஜெனனி கையிலிருந்த கோப்பையைக் குடிக்காமல் வைத்திருந்தாள். "அப்ப எனக்கு ஏன் குனியச் சொன்னவர்?" என்று கேட்டாள். கேட்டு முடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்கு அவர் விளையாட்டுச் சொல்லித்தரல்ல புள்ள" என்றார் யோகராணி. பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணன் சொல்றது சரி. எங்களையெல்லாம் குனி குனி எண்டு கத்துவார். தான் மட்டும் குனியமாட்டார். அண்டைக்கும் வாளியோட நிமிந்துதான் போனவர். குனிஞ்சு போங்க எண்டு நான் கத்தினன். திரும்பிச் சிரிச்சிட்டுப் போனவர்."

சிவநேசன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். யாரோ ஒருவருடைய நாய் வந்து எங்கள் பையை முகர்ந்துவிட்டுப் போனது.

"அங்கிள்" என்றாள் ஜெனனி. "அந்த வரியை மாத்தேலாதோ?"

"கேட்டேன். வெட்டிவிட்டார்களாம்."

"அப்ப வேண்டாம். அப்பாவை அதுக்குக் கீழை போட வேண்டாம்." தாயைப் பார்த்தாள். "ஓகே, அம்மா?"

யோகராணி மகளின் உதட்டு இரத்தத்தைச் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனார். அன்று சேலை உடுத்தியிருக்கவில்லை. குளிர்ச் சட்டையின் கையால் துடைத்தார்.

செயலாளருக்குச் செய்தி அனுப்பினேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். ஆனால் எங்கோ நடக்கும் ஆட்டமொன்றைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி விழித்திருப்பார். மரியதாஸின் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: 'வருத்தமாக இருக்கிறது. அப்படியானால் அவர் ஆடினார் என்பது யாருக்குத் தெரியும்?'

அவர் கேட்டது நியாயம். தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டேன்.

"என் புத்தகத்தில் அவர் இருப்பார், தங்கச்சி" என்றேன் யோகராணியிடம். "இறந்த நாள், கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் விட்ட நாள் என்று எழுதுவேன். மே பதினெட்டு என்று போடமாட்டேன்."

"அதுதான் சரி" என்றார். "விளக்கு அண்டைக்கு வைப்பம். எழுதிறத நீங்க சரியா எழுதுங்க."

மைதானம் வெறுமையாகிவிட்டது. கோல் கம்பங்களின் உறைகளை இரண்டு பெண்கள் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெனனி எழுந்து, பையிலிருந்து பந்தை எடுத்து, கோட்டுக்குப் போனாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஓடத் தொடங்கினாள். நெஞ்சு முன்னே, தலை மேலே. பழக்கமில்லாத ஓட்டம். முதல் சில அடிகள் தடுமாறின. அவளைப் பிடிக்க அங்கே ஒருவரும் இல்லை.

எனக்குப் பக்கத்திலிருந்த யோகராணி துள்ளி எழுந்தார். மடியிலிருந்த தேநீர் முழுவதும் புல்லில் கொட்டியது.

"குனி புள்ள! குனி!"

நாய்கள் திரும்பிப் பார்த்தன. கம்பத்தருகே நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனனிக்கும் கேட்டிருக்கும்.

அவள் குனியவில்லை.